இரண்டு பெட்டிக்கு ஒரு கப்ளிங்: ஆங்கில வாக்கியங்களைச் சரியாகச் சேர்ப்பது எப்படி

தனித்தனியாக எழுதச் சொன்னால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் ஆங்கிலம் நன்றாகவே எழுதுவார்கள். 'தி ஷிப் ஹாஸ் அரைவ்டு.' இதில் ஒரு தப்பும் இல்லை. 'தி டாக்குமென்ட்ஸ் ஆர் நாட் ரெடி.' இதுவும் சரி. இந்த இரண்டையும் சேர்த்து ஒரே வாக்கியமாக எழுது என்றால்தான் பேனா நின்றுவிடும். சிலர் நடுவில் ஒரு கமா போட்டு முடித்துக்கொள்வார்கள். சிலர் 'ஆல்தோ'வில் ஆரம்பித்து நடுவில் 'பட்'டையும் செருகுவார்கள். நான் திருத்துகிற நோட்டுகளில் ஸ்பெல்லிங்கைவிட இந்த இடத்தில்தான் சிவப்பு மை அதிகம் போகிறது.

நான் பாரிமுனையில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் டாக்குமென்டேஷன் பார்க்கிறேன். சாயங்காலம் தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியில் இங்கிலீஷ் டியூஷன். பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கிறவர்கள் வருவார்கள். மணலி, திருவொற்றியூர் பக்கம் கன்டெய்னர் யார்டுகளில் வேலை பார்த்துக்கொண்டே, கம்பெனி மெயிலை ஒழுங்காக எழுதக் கற்றுக்கொள்ள வருகிறவர்களும் உண்டு. முன்னவர்களுக்கு மார்க் வேண்டும், பின்னவர்களுக்கு மேனேஜரிடம் திட்டு வாங்காமல் நாள் ஓட வேண்டும். இரண்டு பேருக்கும் நான் நடத்துவது ஒரே பாடம்தான்.

ஒரு வேண்டுகோள். உதாரணங்களைத் தமிழ் எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன். ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படியுங்கள், பிறகு நோட்டில் ஆங்கிலத்தில் எழுதுங்கள். என் வகுப்பிலும் நான் சொல்லச் சொல்லத்தான் எழுதுவார்கள். காதில் விழுந்து கை எழுதினால்தான் வாக்கியத்தின் ஓட்டம் பிடிபடும்.

தமிழ் சேர்க்கும் விதம் வேறு

முதலில் நம் மொழியைப் பாருங்கள். 'அண்ணன் காசிமேட்டுக்குப் போய், வஞ்சிரம் வாங்கி, ஐஸ் போட்டு, ஆட்டோவில் ஏற்றி, கடைக்கு அனுப்பினான்.' வேலை ஐந்து. வினைமுற்று ஒன்றுதான்: அனுப்பினான். போய், வாங்கி, போட்டு, ஏற்றி எல்லாம் எச்சம். தமிழில் சேர்க்கும் வேலையை வினைச்சொல்லின் கடைசிப் பகுதியே செய்துவிடுகிறது. மழை பெய்தால், பெய்தாலும், பெய்ததால், பெய்யும்போது என்று வால் மாறினால் உறவும் மாறிவிடும். தனியாக இணைப்புச் சொல் தேடவே வேண்டாம்.

ஆங்கிலத்தில் அந்த வேலையைப் பெரும்பாலும் தனிச் சொல்தான் செய்யும். இஃப், ஆல்தோ, பிகாஸ், வென், அண்ட், பட், ஹூ, விச். இந்தச் சொல்லைப் போட மறந்தால் வாக்கியம் சேராது. ஒன்று போதுமான இடத்தில் இரண்டு போட்டாலும் தப்பு. நம் ஆட்கள் செய்யும் தவறுகளில் முக்கால்வாசி இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும்.

பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் 1955-லிருந்து ரயில் பெட்டி செய்கிறார்கள். எங்கள் பிள்ளைகளில் பலருக்கு அங்கே வேலை பார்த்த தாத்தாவோ மாமாவோ இருக்கிறார்கள், அதனால் நான் ரயிலை வைத்தே சொல்வேன். முற்றுவினை ஒன்று இருந்தால் அது ஒரு பெட்டி. இரண்டு பெட்டிக்கு நடுவில் ஒரு கப்ளிங், அதாவது பெட்டிகளை இணைக்கும் கொக்கி; வாக்கியத்தில் அந்த வேலையைச் செய்வது இணைப்புச் சொல். மூன்று பெட்டிக்கு இரண்டு கப்ளிங். பெட்டியை எண்ணுங்கள், ஒன்று கழியுங்கள், அத்தனை கப்ளிங் வாக்கியத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். எதையும் சேர்ப்பதற்கு முன்னால் இந்த எண்ணிக்கையைப் பழகுங்கள்.

முற்றுவினை எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? காலம் காட்டுகிற வினை எதுவோ அது. 'வென்ட்', 'கோஸ்', 'இஸ் கோயிங்', 'ஹாஸ் கான்', 'வில் கோ' எல்லாம் முற்று. வெறும் 'கோயிங்', வெறும் 'டு கோ', வெறும் 'கான்' முற்று ஆகாது. 'இஸ் கோயிங்' என்று இரண்டு சொல்லாக வந்தாலும் எண்ணிக்கையில் ஒன்றுதான்.

எண்ணும்போது இரண்டு இடத்தில் கவனம் தேவை. ஒருவரே செய்த வேலைகளை வரிசையாக அடுக்கினால் கடைசியில் வரும் ஒரு 'அண்ட்' போதும், மற்ற இடங்களில் கமா நிற்கலாம்:

'மை பிரதர் வென்ட் டு காசிமேடு, பாட் சீர் ஃபிஷ், பேக்டு இட் இன் ஐஸ் அண்ட் சென்ட் இட் டு தி ஷாப்.'

இன்னொன்று, கண்ணுக்குத் தெரியாத 'தட்'. 'ஐ திங்க் ஹி இஸ் அட் தி யார்டு' என்ற வாக்கியத்தில் 'திங்க்'குக்குப் பிறகு ஒரு 'தட்' ஒளிந்திருக்கிறது. அதையும் கப்ளிங்காக எண்ணிக்கொள்ளுங்கள்.

கமா கப்ளிங் ஆகாது

யார்டிலிருந்து வரும் மெயில்களில் நான் தினமும் பார்ப்பது இது:

'தி வெசல் ஹாஸ் பெர்த்டு, தி டெலிவரி ஆர்டர் இஸ் பெண்டிங்.'

கப்பல் துறைக்கு வந்துவிட்டது, சரக்கை விடுவிக்கும் டெலிவரி ஆர்டர் இன்னும் வரவில்லை என்று அர்த்தம். ஹாஸ் பெர்த்டு, இஸ். இரண்டு பெட்டி. கப்ளிங் ஒன்றும் இல்லை, கமாதான் இருக்கிறது. பேசும்போது நாம் மூச்சு விடுகிற இடத்தில் கை தானாகக் கமா போட்டுவிடுகிறது. முறையான ஆங்கிலத்தில் கமாவுக்கு இரண்டு முழு வாக்கியங்களைத் தாங்கும் பலம் கிடையாது. ஆங்கில ஆசிரியர்கள் இதைக் 'கமா ஸ்ப்ளைஸ்' என்பார்கள்.

சரிசெய்ய நான்கு வழி இருக்கிறது. கமாவை எடுத்துவிட்டு ஃபுல் ஸ்டாப் வைக்கலாம். இது யாருக்கும் முடியும், தப்பாகவே போகாது. இரண்டும் ஒன்றோடொன்று நெருங்கிய செய்தி என்றால் செமிகோலன் வைக்கலாம். அதற்குப் பின்னால் வரும் சொல்லுக்குப் பெரிய எழுத்து வேண்டாம், ஆனால் இரண்டு பக்கமும் முழு வாக்கியமாக இருக்க வேண்டும். மூன்றாவது, கமாவை அப்படியே விட்டு அதன் பின்னால் 'பட்' மாதிரி ஒரு சொல் சேர்ப்பது:

'தி வெசல் ஹாஸ் பெர்த்டு, பட் தி டெலிவரி ஆர்டர் இஸ் பெண்டிங்.'

நான்காவது, ஒரு பெட்டியை இன்னொன்றுக்குக் கீழ்ப்படிய வைப்பது:

'ஆல்தோ தி வெசல் ஹாஸ் பெர்த்டு, தி டெலிவரி ஆர்டர் இஸ் பெண்டிங்.'

மூன்றாவது வழிக்கான சொற்கள் மொத்தம் ஏழுதான்: ஃபார், அண்ட், நார், பட், ஆர், யெட், ஸோ. இவற்றின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'ஃபேன்பாய்ஸ்' என்று மனப்பாடம் செய்வது பள்ளிக்கூட வழக்கம். பின்னால் கிளம்பும் குழப்பத்துக்கெல்லாம் இந்த ஏழுதான் மருந்து என்பதால் நானும் மனப்பாடம் செய்யச் சொல்கிறேன். 'ஏனென்றால்' என்ற பொருளில் வரும் 'ஃபார்' இன்றைய மெயிலில் ஒட்டாது, விட்டுவிடலாம். 'நார்' வந்தால் அதற்குப் பின்னால் வாக்கியம் கேள்வி மாதிரித் திரும்பும்: 'ஹி டிட் நாட் கால், நார் டிட் ஹி ரிப்ளை.'

இந்த ஏழுக்கு முன்னால் கமா எப்போது? இரண்டு பக்கமும் எழுவாயும் வினையும் உள்ள முழு வாக்கியம் என்றால் போடுங்கள். ஒரே எழுவாய் இரண்டு வேலை செய்தால் வேண்டாம். 'ஷி லாக்டு தி ஆபீஸ் அண்ட் வென்ட் ஹோம்.' இதில் கமா தேவையில்லை. 'ஷி லாக்டு தி ஆபீஸ், அண்ட் தி வாட்ச்மேன் டுக் தி கீ.' இங்கே எழுவாய் மாறிவிட்டது, கமா வரும். இரண்டு பக்கமும் ரொம்பச் சின்னதாக இருந்தால் கமாவை விடுகிறவர்களும் உண்டு, அது தவறில்லை.

அப்புறம் 'ஹவெவர்'. படித்தவர்களும் வழுக்குகிற இடம் இது.

'தி ஷிப் ஹாஸ் அரைவ்டு, ஹவெவர் தி டாக்குமென்ட்ஸ் ஆர் நாட் ரெடி.'

பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது, பொருளும் 'பட்' மாதிரியே இருக்கிறது. ஆனால் ஏழு பேர் பட்டியலில் 'ஹவெவர்' இல்லை. தேர்ஃபோர், மோர்ஓவர், அதர்வைஸ், தென் இவையும் இல்லை. இவை உறவைச் சொல்லும், சேர்க்காது. நம்பிக்கை வராவிட்டால் ஒரு சோதனை செய்து பாருங்கள். அந்தச் சொல்லைத் தூக்கி வாக்கியத்தின் நடுவில் வையுங்கள். 'தி டாக்குமென்ட்ஸ், ஹவெவர், ஆர் நாட் ரெடி.' உட்கார்ந்துகொண்டது. இப்போது 'தி டாக்குமென்ட்ஸ், பட், ஆர் நாட் ரெடி' என்று சொல்லிப் பாருங்கள். காதே ஒத்துக்கொள்ளாது. இடம் மாறி உட்காரக்கூடிய சொல் கப்ளிங் ஆகாது. அதனால் 'ஹவெவர்' வந்தால் முன்னால் ஃபுல் ஸ்டாப்போ செமிகோலனோ வேண்டும், பின்னால் ஒரு கமா வேண்டும்:

'தி ஷிப் ஹாஸ் அரைவ்டு. ஹவெவர், தி டாக்குமென்ட்ஸ் ஆர் நாட் ரெடி.'

ஒரு இடத்தில் இரண்டு கப்ளிங்

'ஆல்தோ இட் வாஸ் ரெயினிங், பட் வி வென்ட் டு வொர்க்.' பெட்டி இரண்டு, கப்ளிங்கும் இரண்டு. ஒன்று அதிகம். 'ஆல்தோ'வை எடுங்கள் அல்லது 'பட்'டை எடுங்கள், எதை எடுத்தாலும் வாக்கியம் சரியாகிவிடும். 'பிகாஸ் தி சப்வே வாஸ் ஃப்ளடெட், ஸோ தி பஸ் டுக் அனதர் ரூட்' என்பதிலும் அதே கதை. கணேசபுரம் சப்வேயில் தண்ணீர் நின்ற நாளில் லேட்டாக வந்ததற்கு ஆபீஸில் லெட்டர் எழுதித் தந்த ஒரு தம்பியின் வாக்கியம் இது. 'பிகாஸ்' ஒன்றே காரணத்தைச் சொல்லிவிட்டது. 'ஸோ' வந்து அதையே மறுபடி சொல்கிறது.

நமக்கு இது ஏன் தப்பாகத் தெரிவதில்லை? பேச்சில் 'எவ்வளவு சொன்னாலும், ஆனா அவன் கேக்கல' என்று சாதாரணமாகச் சொல்கிறோம். '-ஆலும்' வந்த பிறகும் ஒரு 'ஆனா' வருகிறது, யாரும் கண்டுகொள்வதில்லை. அந்தப் பழக்கம் ஆங்கிலத்துக்கும் கூடவே வந்துவிடுகிறது. பழைய கிராமர் புத்தகங்களில் 'தோ' வந்தால் பின்னால் 'யெட்' வரும் வாக்கியங்களைப் பார்க்கலாம். அது அந்தக் கால நடை. இன்றைக்கு எழுதுகிறவர்களுக்கு 'தோ' மட்டும் போதும்.

'அன்லெஸ்' இன்னும் ஆபத்து, ஏனென்றால் அதற்குள்ளேயே 'இல்லை' இருக்கிறது. 'அன்லெஸ் யூ டோன்ட் பே தி சார்ஜஸ், தி கன்டெய்னர் வில் நாட் பி ரிலீஸ்டு.' இதன் நேர்ப்பொருள் என்ன தெரியுமா? பணம் கட்டாமல் இருந்தால்தான் கன்டெய்னர் வெளியே வரும்! 'டோன்ட்'டை எடுத்துவிட்டு 'அன்லெஸ் யூ பே' என்று எழுதுங்கள்.

இந்த வகைச் சொற்கள் ஆல்தோ, பிகாஸ், இஃப், வென், ஆஃப்டர், பிஃபோர், அன்டில், வைல், சின்ஸ் என்று நீளும். இவை வருகிற பகுதி முன்னால் நின்றால் அது முடியும் இடத்தில் கமா போடுங்கள், பின்னால் நின்றால் பெரும்பாலும் வேண்டாம். 'இஃப் இட் ரெயின்ஸ், தி சப்வே வில் பி க்ளோஸ்டு.' திருப்பினால், 'தி சப்வே வில் பி க்ளோஸ்டு இஃப் இட் ரெயின்ஸ்.' இன்னொன்றையும் கவனியுங்கள். 'மழை பெய்தால்' என்பது வரப்போகிற விஷயம்தான், ஆனாலும் 'இஃப் இட் வில் ரெயின்' என்று எழுதக் கூடாது. நிபந்தனை சொல்லும் 'இஃப்', நேரம் சொல்லும் 'வென்', 'ஆஃப்டர்', 'அன்டில்' இவற்றின் பக்கத்தில் 'வில்' வராது, நிகழ்காலம்தான் வரும். 'வென் தி வெசல் வில் கம்' என்று எழுதாத மெயிலை நான் அபூர்வமாகத்தான் பார்க்கிறேன்.

'பிகாஸ்' பற்றித் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். முன்னால் 'நாட்' இருந்தால் வாக்கியம் இரண்டு பக்கமும் சாயும். 'ஹி டிட் நாட் ரிசைன் பிகாஸ் ஹிஸ் சாலரி வாஸ் லோ.' சம்பளம் குறைவு என்பதால் அவர் ராஜினாமா செய்யவில்லையா? அல்லது ராஜினாமா செய்தார், ஆனால் காரணம் சம்பளம் இல்லையா? எழுதினவருக்குத் தெரியும், படிக்கிறவர் ஊகிக்க வேண்டியதுதான். முதல் பொருள் என்றால் காரணத்தை முன்னால் தூக்கி வைக்கலாம், அல்லது 'பிகாஸ்'ஸுக்கு முன்னால் ஒரு கமா போடலாம். இரண்டாவது பொருள் என்றால் 'ஹி ரிசைன்டு, பட் நாட் பிகாஸ் ஹிஸ் சாலரி வாஸ் லோ' என்று பிரித்துவிடுங்கள்.

பத்தாவது பிள்ளைகளுக்கு மார்க் போகிற இன்னொரு இடம்: 'பிகாஸ்' என்றால் பின்னால் முழு வாக்கியம், 'பிகாஸ் ஆஃப்' என்றால் வெறும் பெயர். 'பிகாஸ் இட் ரெயின்டு', 'பிகாஸ் ஆஃப் தி ரெயின்'. 'தோ'வுக்கும் 'இன் ஸ்பைட் ஆஃப்'புக்கும் இதே வித்தியாசம். 'தோ ஹி ஹாட் ஃபீவர்', 'இன் ஸ்பைட் ஆஃப் ஹிஸ் ஃபீவர்'. 'டெஸ்பைட்' வந்தால் 'ஆஃப்' வராது. பெட்டிக் கணக்கில் சொன்னால் 'ஆஃப்'புக்குப் பின்னால் முற்றுவினை இல்லை, ஆகவே அது புதுப் பெட்டி இல்லை. கேள்வித்தாளில் 'சிம்பிள் சென்டென்ஸாக மாற்று' என்று கேட்பது இதைத்தான். சிம்பிள் என்றால் ஒரே பெட்டி. காம்பவுண்ட் என்றால் அந்த ஏழு சொற்களில் ஒன்றால் சேர்த்தது. காம்ப்ளெக்ஸ் என்றால் ஆல்தோ, பிகாஸ், விச் வகையால் சேர்த்தது.

ஹூ, விச், தட்: கமாவில் இருக்கிறது பணம்

'நேற்று வந்த பையன்' என்கிறோம். விளக்கம் முன்னால், ஆள் பின்னால். ஆங்கிலத்தில் ஆள் முன்னால் வருவார்: 'தி பாய் ஹூ கேம் எஸ்டர்டே'. மனிதர்களுக்கு 'ஹூ', பொருள்களுக்கு 'விச்', இரண்டுக்கும் 'தட்'. விளக்கம் எந்தப் பெயரைப் பற்றியதோ அதற்குப் பக்கத்திலேயே ஒட்டி நிற்க வேண்டும். 'ஹி பாட் எ ஃபிஷ் அட் தி மார்க்கெட் விச் வாஸ் ராட்டன்' என்று எழுதினால் அழுகியது மீனா மார்க்கெட்டா என்று கேட்பார்கள்.

சேர்த்த பிறகு பழைய 'இட்', 'ஹிம்' எல்லாம் போய்விட வேண்டும். 'தி கன்டெய்னர் விச் வி க்ளியர்டு இட் எஸ்டர்டே' தவறு. 'விச்' வந்துவிட்டதால் 'இட்'டுக்கு அங்கே வேலை இல்லை. 'நாங்கள் நேற்று அதைக் கிளியர் பண்ண கன்டெய்னர்' என்று தமிழிலும் யாரும் சொல்வதில்லை, யோசித்துப் பாருங்கள்.

இனி கமா. இந்த இரண்டு வாக்கியத்தையும் நிதானமாகப் படியுங்கள்.

'தி கன்டெய்னர்ஸ் விச் ஆர் டேமேஜ்டு மஸ்ட் பி ஷிஃப்டெட் டுடே.'

'தி கன்டெய்னர்ஸ், விச் ஆர் டேமேஜ்டு, மஸ்ட் பி ஷிஃப்டெட் டுடே.'

சொற்கள் ஒன்றே. யார்டில் பத்து கன்டெய்னர் நிற்கிறது, அதில் மூன்று அடிபட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாக்கியம் அந்த மூன்றை மட்டும் நகர்த்தச் சொல்கிறது. அடிபட்டவை எவையோ அவை, என்று விளக்கம் ஆளை அடையாளம் காட்டுகிறது. இரண்டாவது வாக்கியத்தில் கமாக்களுக்கு நடுவில் இருப்பது கூடுதல் செய்தி. அதை எடுத்துவிட்டுப் படித்தால் 'தி கன்டெய்னர்ஸ் மஸ்ட் பி ஷிஃப்டெட்' என்று நிற்கும். அதாவது பத்தும் அடிபட்டவை, பத்தையும் நகர்த்து. ஏழு கன்டெய்னருக்கு வீணாக டிரெய்லர் வாடகை, கிரேன் வாடகை. இரண்டு கமா செய்கிற வேலை இது. இந்த வித்தியாசத்தை யார்டு பையன்களுக்கு நான் போர்டில் பத்து கட்டம் போட்டுத்தான் காட்டுவேன். முதல் வாக்கியத்துக்கு எத்தனை கட்டத்தில் டிக் போடுவாய், இரண்டாவதற்கு எத்தனை என்று கேட்டால் ஒரு நிமிடத்தில் புரிந்துகொள்வார்கள்.

ஊர் பெயர், ஆள் பெயர் மாதிரி ஏற்கெனவே ஒன்றே ஒன்றைக் குறிக்கிற பெயர் என்றால் அடையாளம் காட்டத் தேவையே இல்லை, கமா கட்டாயம்:

'ராயபுரம் ஸ்டேஷன், விச் வாஸ் ஓபன்டு இன் 1856, இஸ் ஸ்டில் இன் யூஸ்.'

கமா திறந்தால் மூடவும் வேண்டும், ஒன்றோடு விடாதீர்கள். அப்புறம், கமா போட்ட இடத்தில் 'தட்' வராது, 'விச்' அல்லது 'ஹூ'தான்.

எச்சம் போட்டுச் சேர்ப்பது

தமிழ்ப் பிள்ளைகளுக்கு உண்மையிலேயே சாதகமான இடம் ஒன்று இருக்கிறது. 'போய்ப் பார்த்தான்' என்பதைப் போல ஆங்கிலத்திலும் ஒரு வழி உண்டு: 'சீயிங் தி க்ரௌடு, ஹி வெயிட்டெட் அவுட்சைடு.' கூட்டத்தைப் பார்த்து வெளியே காத்திருந்தான். 'சீயிங்' முற்று இல்லை, அதனால் தனிப் பெட்டியும் இல்லை, கப்ளிங்கும் வேண்டாம். நிபந்தனை ஒன்றுதான்: பார்த்தவரும் காத்திருந்தவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டும்.

'வாக்கிங் டு தி ஸ்டேஷன், தி ரெயின் ஸ்டார்டெட்.' இதில் ஸ்டேஷனுக்கு நடந்து போனது யார்? வாக்கியத்தின்படி மழை. கமாவுக்குப் பின்னால் எழுவாயாக நிற்பது மழைதானே. இதைத் தமிழில் எச்சம் போட்டுச் சொல்லிப் பாருங்கள்: 'ஸ்டேஷனுக்கு நடந்து, மழை ஆரம்பித்தது.' நாக்கு தடுக்கும். நாம் இயல்பாகச் சொல்வது 'நடந்துகொண்டிருந்தபோது மழை ஆரம்பித்தது' என்றுதான். ஆங்கிலத்திலும் அப்படியே செய்யுங்கள்: 'வைல் ஐ வாஸ் வாக்கிங் டு தி ஸ்டேஷன், தி ரெயின் ஸ்டார்டெட்.' 'செய்து' என்கிற எச்சம் தன் ஆளைத்தான் தேடும் என்று தமிழ் இலக்கண வகுப்பில் படித்திருப்பீர்கள். அந்தக் காது உங்களிடம் இருக்கிறது, ஆங்கிலத்துக்கும் அதையே பயன்படுத்துங்கள்.

ஒரு இடத்தில் மட்டும் அந்தக் காதை நம்ப வேண்டாம். 'மழை பெய்து குளம் நிறைந்தது' என்று தமிழ் அனுமதிக்கிறது. பெய்தது மழை, நிறைந்தது குளம். ஆள் வேறு, ஆனால் ஒன்று இன்னொன்றுக்குக் காரணம் என்பதால் நமக்கு உறுத்துவதில்லை. ஆங்கிலத்தில் அதற்கு இடம் இல்லை. 'இட் ரெயின்டு, அண்ட் தி டேங்க் ஃபில்டு அப்' என்று இரண்டு பெட்டியாகவே எழுதுங்கள்.

ஒரு வேலை முடிந்த பிறகுதான் அடுத்தது என்று அழுத்திச் சொல்ல 'ஹேவிங்' உதவும்: 'ஹேவிங் பெய்டு தி சார்ஜஸ், வி ரிக்வெஸ்ட் யூ டு ரிலீஸ் தி கன்டெய்னர்.' கட்டியதும் நாங்கள், கேட்பதும் நாங்கள். மெயிலுக்கு நல்ல வாக்கியம் இது.

பரீட்சைக்கு வரும் மற்றவற்றைச் சட்டென்று பார்த்துவிடலாம். 'நோ ஸூனர்' என்று ஆரம்பித்தால் உடனே 'டிட்' அல்லது 'ஹாட்', நடுவில் டி-எச்-ஏ-என், 'வென்' போடாதீர்கள். 'ஹார்ட்லி' வந்தால்தான் 'வென்'. 'நாட் ஒன்லி' வாக்கியத்தின் தலையில் வந்தாலும் பின்னால் வினை திரும்பும்: 'நாட் ஒன்லி டிட் ஹி கம் லேட், பட் ஹி ஆல்ஸோ ஃபர்காட் தி ஃபைல்.' 'டூ' (டி-ஓ-ஓ) என்று ஆரம்பித்து 'டு' (டி-ஓ) என்று முடிக்கும் வாக்கியத்தில் 'நாட்' வராது. 'அண்ட்' இரண்டு பக்கமும் ஒரே உருவத்தைக் கேட்கும். 'ஐ லைக் ஸ்விம்மிங் அண்ட் டு ப்ளே கேரம்' என்று கலக்காமல் 'ஸ்விம்மிங் அண்ட் ப்ளேயிங்' என்று எழுதுங்கள்.

எதைச் சேர்ப்பது, எதை விடுவது

விதி தெரிந்ததும் பிள்ளைகள் எல்லாவற்றையும் சேர்த்துத் தள்ளுவார்கள். அது வேண்டாம். காசிமேட்டுப் பெண் ஒருத்தி எழுதிய பத்தியை எடுத்துக்கொள்வோம். படகுகளுக்கான தடைக்காலத்தைப் பற்றியது.

'மெக்கனைஸ்டு போட்ஸ் டூ நாட் கோ டு சீ ஃப்ரம் ஏப்ரல் 15 டு ஜூன் 14. ஃபிஷ் ப்ரீட் இன் தீஸ் மன்த்ஸ். மை ஃபாதர் ரிப்பேர்ஸ் ஹிஸ் போட். ஹி மெண்ட்ஸ் ஹிஸ் நெட்ஸ். தி கவர்ன்மென்ட் கிவ்ஸ் ரிலீஃப் மனி. இட் இஸ் நாட் எனஃப். வி வெயிட்.'

ஏழு வாக்கியம், ஏழும் சரி. ஆனால் காரணமும் வேலையும் குறையும் ஒரே எடையில் கிடக்கின்றன. முதல் இரண்டும் காரணத்தால் கட்டுப்பட்டவை, நடுவில் 'பிகாஸ்' போடலாம். அடுத்த இரண்டும் ஒரே ஆளின் வேலை. 'அண்ட்' போதும், கமா வேண்டாம், இரண்டாவது 'ஹி'யும் வேண்டாம். ஐந்தும் ஆறும் எதிரெதிர். இங்கேதான் யோசிக்க வேண்டும்.

'தி கவர்ன்மென்ட் கிவ்ஸ் ரிலீஃப் மனி, பட் இட் இஸ் நாட் எனஃப்.'

'தி கவர்ன்மென்ட் கிவ்ஸ் ரிலீஃப் மனி, ஆல்தோ இட் இஸ் நாட் எனஃப்.'

இலக்கணப்படி இரண்டும் சரி. 'பட்' போட்டால் 'போதவில்லை' என்பது முன்னால் சொன்னதற்குச் சமமாக, கடைசியில் பலமாக நிற்கிறது. 'ஆல்தோ' போட்டால் பணம் கொடுப்பதுதான் பெரிய செய்தி, போதாமை பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறது. ஆல்தோ, விச், சீயிங் வகையில் போடுவது எதுவானாலும் ஒரு படி கீழே இறங்கிவிடும். ஆகவே எது முக்கியமோ அதைத் தனிக்காலில் நிற்கும் பெட்டியில் வையுங்கள். அந்தப் பெண் 'பட்'டைத்தான் எடுத்தாள்.

கடைசி 'வி வெயிட்' வாக்கியத்தை எதனோடும் சேர்க்க வேண்டாம் என்று சொன்னேன். நீளமான வாக்கியங்களுக்குப் பிறகு வரும் இரண்டு சொல் வாக்கியம் தானே காதில் விழும்.

மெயிலில் இன்னொரு கணக்கும் வைத்துக்கொள்ளலாம். ஒரே வாக்கியத்தில் நாலு பெட்டிக்கு மேல் போனால் எங்கேயாவது ஃபுல் ஸ்டாப் வையுங்கள். கிராமர் தப்பாகாது, ஆனால் ஷிப்பிங் லைனில் அதைப் படிக்கிறவர் முதல் வரியோடு நிறுத்திவிடுவார்.

பழகுவதற்குப் புதுப் பயிற்சி எதுவும் தேட வேண்டாம். போன வாரம் நீங்களே அனுப்பிய ஒரு மெயிலையோ எழுதிய ஒரு பத்தியையோ எடுத்துக்கொள்ளுங்கள். முற்றுவினை எல்லாவற்றுக்கும் அடியில் கோடு போடுங்கள். கப்ளிங் சொற்களைச் சுற்றி வட்டம் போடுங்கள். ஒவ்வொரு வாக்கியத்திலும் கோட்டைவிட வட்டம் ஒன்று குறைவாக இருக்க வேண்டும். வட்டம் அதற்கும் குறைந்தால் கமா எங்கேயோ கப்ளிங் வேலை பார்க்கிறது, அல்லது ஒரு 'தட்' ஒளிந்திருக்கிறது. வட்டமும் கோடும் சமமாக இருந்தால் ஆல்தோவோடு பட், பிகாஸோடு ஸோ இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணிக்கை சரியான பிறகு கமாவுக்கு வாருங்கள், ஒவ்வொரு 'விச்'சிடமும் மூன்று கன்டெய்னரா பத்து கன்டெய்னரா என்று கேளுங்கள்.